கனவு அணியிலும் நான்கு வெளிநாட்டவர்தான் ஆட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த 'ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கனவு அணி'யைப் பார்த்தேன். கால்பந்துக்கு முழுப் பக்கம் கொடுத்ததற்கு முதலில் மனமார்ந்த நன்றி, படங்களும் ஆடுகள வரைபடமும் போட்டு அழகாகவே செய்திருந்தீர்கள். ஆனால் அந்த அணியோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்ட பதினொரு பேரில் ஏழு பேர் வெளிநாட்டு வீரர்கள். கோல்கீப்பர், இரண்டு ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாட்டக்காரர்கள்), சுனில் சேத்ரி, இந்த நால்வர் மட்டும்தான் இந்தியர்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் நல்ல வீரர்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த அணியை இன்றைக்கு எந்த ஐஎஸ்எல் மைதானத்திலும் இறக்க முடியாது. விதி அனுமதிக்காது. அப்படியிருக்க அது எப்படி இந்த லீக்கின் அணி ஆகும்? ஒரு லீக்கிலிருந்து கனவு அணி எடுக்கிறோம் என்றால் வீரர்களை மட்டும் அந்த லீக்கிலிருந்து எடுத்தால் போதாது, விதியையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும்.

விதியைத் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 அக்டோபரில் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம், ஐந்து இந்தியர் இருந்தால் போதும் என்று இருந்தது. 2017-18 சீசனில் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நான்கு. அதாவது பதினொரு பேரில் குறைந்தது ஏழு பேர் இந்தியர்கள். அணிப் பட்டியலில் ஆறு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இறங்குவது நால்வர்தான், ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டும்.

இந்த ஒரு விதிதான் ஐஎஸ்எல்லின் மொத்த ஆட்டத்தையும் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் சீசன் தொடங்குவதற்கு முன்னால் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்: நான்கு இடங்களை எங்கே செலவழிப்பது? ஸ்ட்ரைக்கருக்கு ஒன்று போய்விடும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மீதி மூன்றையும் முன்வரிசையிலேயே கொட்டுவதா, தடுப்பாட்டத்தில் ஒரு தூணை நிறுத்துவதா, நடுகளத்தில் பந்தைப் பிடித்து நிதானமாக ஆட்டத்தை ஓட்ட ஒருவரைப் போடுவதா? கனவு அணி எடுப்பவருக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி இல்லாமல் போக வேண்டும்? உண்மையில் சுவாரசியமே அந்தத் தலைவலியில்தானே இருக்கிறது.

சரி, குறை சொன்னால் மட்டும் போதாது, என் அணியைச் சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னும் ஒரு நிபந்தனை. வீரர் இந்த லீக்கில் என்ன ஆடினார் என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும், வருவதற்கு முன் எங்கே என்ன ஆடினார் என்பதைப் பார்க்கக் கூடாது. முதல் சீசன்களில் வந்த பெயர்களை இன்று படித்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. டெல்லிக்கு டெல் பியரோ, புனேவுக்கு டிரெசகே, கோவாவுக்கு ராபர் பிரெஸ், நார்த் ஈஸ்ட்டுக்கு காப்தெவிலா, நம் சென்னையின் எஃப்சிக்கு ஆடும் பயிற்சியாளராக மாட்டெராஸ்ஸி, எல்லாருமே உலகக் கோப்பை வென்றவர்கள். அடுத்த ஆண்டு ராபர்ட்டோ கார்லோஸும் லூசியோவும் வந்தார்கள். இவர்களால்தான் பலர் டிவியைத் திருப்பி ஐஎஸ்எல் பார்த்தார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் டெல் பியரோ இங்கே அடித்தது ஒரே ஒரு கோல். அவரை எடுத்தால் அது ஜுவென்டஸின் நினைவுக்காக எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த வரிசையில் விதிவிலக்கு என்று சொன்னால் எலானோவைச் சொல்லலாம், முதல் சீசனில் 8 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார், அந்த ஃப்ரீ கிக்குகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்றிரண்டு மாத மின்னல் வேறு, நின்று ஆடியது வேறு. அப்போதெல்லாம் ஐஎஸ்எல் என்பதே அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும் குறுகிய தொடர். எனவே குறைந்தது இரண்டு முழு சீசன் இந்த லீக்கில் அணியைத் தாங்கியவர்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வெளிநாட்டு இடங்களையும் தனித்தனியாக நிரப்பக் கூடாது என்பது என் கட்சி. சிறந்த ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்) யார், சிறந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் (தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்கும் நடுகள வீரர்) யார், சிறந்த நம்பர் டென் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோலுக்கு வழி செய்பவர்) யார், சிறந்த ஸ்ட்ரைக்கர் யார் என்று நான்கு தனிப் பரீட்சை வைத்து நான்கு முதலிடக்காரர்களை எடுத்தால், ஒருவர் பந்தைக் கொடுக்கும்போது இன்னொருவர் எங்கே ஓடுவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே நால்வரையும் ஒரு கூட்டமாக, ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக எடுக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் ஐஎஸ்எல் வரலாற்றில் நிஜமாகவே இருந்தது: மூர்தாதா ஃபால், அகமது ஜஹூ, ஹியூகோ பூமோ, ஃபெரான் கொரொமினாஸ் என்கிற கோரோ. செனகல்காரர் ஒருவர், மொராக்கோக்காரர் ஒருவர், பிரான்ஸில் பிறந்தவர் ஒருவர், ஸ்பெயின்காரர் ஒருவர். 2018-19, 2019-20 ஆகிய இரண்டு சீசன்களிலும் நால்வரும் எஃப்சி கோவாவில் ஒன்றாக இருந்தார்கள், பெரும்பகுதி பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவின் கீழ்.

அந்த கோவா ஆடிய ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் பழைய காணொளிகளைத் தேடிப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் இறங்கி வந்து ஜஹூ பந்தை வாங்குவார், தலையை நிமிர்த்துவார், நாற்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் விங்கரின் காலடியில் பந்து போய் விழும். இந்த லீக்கில் அவரைப் போல நீண்ட பாஸ் போட்டவர் வேறு யாரும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். எதிரணி அவரை நெருக்கினால் பூமோவுக்கு இடம் கிடைக்கும், பூமோவை நெருக்கினால் கோரோ தப்பித்துப் போவார். 2019-20 சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-0 என்று வென்று முதல் லீக் ஷீல்டை (லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான பரிசு; அரையிறுதி, இறுதிப்போட்டி வழியாக வரும் கோப்பை வேறு) எடுத்தார்கள், அதன் மூலம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் என்ற பெருமையும் கோவாவுக்குக் கிடைத்தது.

கோரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. முப்பத்து நான்கு வயதில் இங்கே வந்தவர். வந்த முதல் சீசனில் 18 கோல், அடுத்ததில் 16, அதற்கடுத்ததில் 14, மொத்தம் 48. தொடர்ந்து இரண்டு முறை தங்கக் காலணி. உங்கள் அணியில் ஓக்பெச்சேவைப் போட்டிருக்கிறீர்கள், அவரை மறுப்பது எளிதல்ல என்று ஒத்துக்கொள்கிறேன், நார்த் ஈஸ்ட், கேரளா, மும்பை, ஹைதராபாத் என்று நான்கு கிளப்புகளுக்கும் சேர்த்து 63 கோல் அடித்தவர், 2021-22-ல் ஹைதராபாத் கோப்பையை எடுத்ததே அவருடைய 18 கோல்களின் முதுகில்தான். ஓக்பெச்சே பெட்டிக்குள் நின்றால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களையும் தோளில் தாங்கிக்கொண்டு கோல் அடிப்பார். ஆனால் கோரோ நிற்க மாட்டார். பந்து ஜஹூவின் காலை விட்டுக் கிளம்பும் அதே நொடியில் அவர் நகர்ந்திருப்பார், அந்த நொடியை ஜஹூவும் அறிவார். இந்தப் புரிதலைக் காசு கொடுத்து வாங்க முடியாது. எனவே கோரோ உள்ளே, ஓக்பெச்சே பெஞ்சில்.

2024-25-ல் நார்த் ஈஸ்ட்டுக்கு 23 கோல் அடித்த அலாயெத்தீன் அஜராய் எங்கே என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஒரே சீசனில் இந்த லீக்கில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை, உண்மைதான். ஆனால் மூன்று சீசன் அடித்தவரை ஒரு சீசனுக்காக உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூமோவா, கிரெக் ஸ்டீவர்ட்டா என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். 2019-20-ல் பூமோ 11 கோல் அடித்து 10 கோலுக்கு வழி செய்து கொடுத்தார். 2021-22-ல் ஜாம்ஷெட்பூருக்கு ஸ்டீவர்ட் 10 கோல், 10 அசிஸ்ட். இருவருமே அந்தந்த சீசனின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்கள். அதற்கும் மேலாக ஸ்டீவர்ட் ஜாம்ஷெட்பூர், மும்பை, மோகன் பகான் என்று மூன்று கிளப்புகளோடு லீக் ஷீல்டு வென்றவர், போன இடமெல்லாம் வெற்றி அவர் கூடவே வந்தது. தனித்தனிப் பரீட்சை வைத்தால் ஸ்டீவர்ட்தான் ஜெயிப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நான் கூட்டத்தை எடுக்கிறேன், எனவே பூமோ. ஸ்டீவர்ட்டை வெளியே விட மாட்டேன், பெஞ்சில் ஓக்பெச்சேவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கவனித்தீர்களா, களத்தில் நான்கு, பெஞ்சில் இரண்டு, பட்டியலுக்கு ஆறு பேர் என்ற விதியும் சரியாகப் பொருந்துகிறது.

இங்கே நம்மூர் ரசிகர்கள் கோபப்படுவார்கள். சென்னையின் எஃப்சியை ஆதரிப்பவர் நான்கு வெளிநாட்டு இடத்தையும் கோவாக்காரர்களுக்குத் தாரைவார்ப்பதா? மெண்டோசா எங்கே? மெய்ல்சன் எங்கே? இந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருக்கிறது. 2015-ல் மெண்டோசா அடித்த 13 கோல்களும், ஃபடோர்டாவில் நடந்த இறுதிப்போட்டியில் கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 3-2 ஆக்கிய அந்தக் கோலும், இந்த லீக் நமக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷங்கள். 2018 இறுதிப்போட்டியில் பெங்களூரின் சொந்த மைதானத்தில், சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்து அரங்கமே அதிர்ந்துகொண்டிருந்தபோது, மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னர் பந்துகளில் எழும்பி இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே அனுப்பினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார், மறுபடியும் 3-2, மறுபடியும் கோப்பை. அதே கோவாவை நாம் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில் மூன்று முறை வீழ்த்தியிருக்கிறோம் என்பதையும் மறக்கவில்லை: 2015 இறுதிப்போட்டி, 2018 அரையிறுதியில் ஜேஜே இரண்டும் தன்பால் கணேஷ் ஒன்றுமாக 3-0, பிறகு 2020 அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5.

ஆனால் மெய்ல்சனைப் போட்டால் ஃபாலை எடுக்க வேண்டும், ஃபாலை எடுத்தால் அந்தக் கூட்டம் உடைகிறது. ஃபாலும் கார்னரில் மெய்ல்சனுக்குச் சளைத்தவர் அல்ல, ஐஎஸ்எல்லில் அதிக கோல் அடித்த தடுப்பாட்டக்காரரே அவர்தான். 2021-ல் மும்பையும் ஏடிகே மோகன் பகானும் (இன்றைய மோகன் பகான்) லீக் ஷீல்டுக்காகக் கடைசி ஆட்டத்தில் மோதியபோது ஏழாவது நிமிடத்தில் தலையால் அடித்து ஆட்டத்தைத் திறந்தவர் அவர்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த நால்வரும் ஒன்றாக இருந்த இரண்டு சீசனிலும் கோவா கோப்பையை வெல்லவில்லை. 2019 இறுதிப்போட்டியில் கூடுதல் நேரத்தில் ஜஹூ இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற, பெங்களூரின் ராகுல் பேகே ஒரு கார்னரில் தலையால் அடித்து முடித்தார், 1-0. அடுத்த ஆண்டு அரையிறுதியில் நம்மிடம் ஆறு கோல் வாங்கினார்கள். ஷீல்டுக்குப் போதுமான அணி கோப்பைக்குப் போதவில்லை. ஏன்? அடிக்கத் தெரிந்த அளவுக்கு அடைக்கத் தெரியவில்லை. பந்து பறிபோன அடுத்த பத்து நொடியில் பின்னால் ஆள் இல்லை.

அப்படியானால் அந்தக் கூட்டத்தையே கைவிட வேண்டுமா? கூடாது. 2020-21-ல் லொபேரா மும்பைக்குப் போனபோது ஃபால், ஜஹூ, பூமோ, இடது பேக் மந்தர் ராவ் தேசாய் எல்லாரும் அவரோடு போனார்கள், பின்னால் கோல்கீப்பராக அம்ரிந்தர் சிங் நின்றார், போன முதல் சீசனிலேயே ஷீல்டும் கோப்பையும் இரண்டும் வந்தன. ஒரே சீசனில் இரண்டையும் எடுத்த முதல் அணி அதுதான். ஆக, கூட்டம் சரியானது, சுற்றியிருந்த ஆட்களில்தான் குறை. இங்கேதான் ஏழு இந்தியர்கள் வருகிறார்கள். உங்கள் அணியில் இந்தியர்கள் மிச்ச இடத்தை அடைக்க வந்தவர்களாக இருந்தார்கள். என் அணியில் கோவாவின் ஓட்டையை அடைப்பவர்களே அவர்கள்தான்.

முதலில் கோல்கீப்பர். நீங்கள் குர்பிரீத் சிங் சாந்துவைப் போட்டிருந்தீர்கள். நார்வேயில் ஆடிவிட்டு வந்தவர், 2018-19, 2019-20 என்று தொடர்ந்து இரண்டு முறை சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை, உயரத்தால் மட்டுமே கோலைப் பாதி மறைத்துவிடுவார். ஆனால் நான் விஷால் கைத்தைத்தான் எடுப்பேன். அவரும் 2022-23-லும் 2024-25-லும் கையுறை வாங்கியவர். இருவரும் நேருக்கு நேர் நின்ற ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது: கைத்தின் ஏடிகே மோகன் பகானும் குர்பிரீத்தின் பெங்களூரும் மோதிய 2023 இறுதிப்போட்டி, 2-2, பெனால்டி ஷூட்அவுட். கைத் ஒன்றைத் தடுத்தார், பெங்களூரின் இன்னொரு பந்து மேலே பறந்தது, குர்பிரீத்தால் எதையும் தடுக்க முடியவில்லை, மோகன் பகானுக்கு 4-3. ஒரே இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியா என்று கேட்கலாம். எல்லா விதத்திலும் சமமாக இருக்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேறு என்ன வழி இருக்கிறது? கைத் நம் சென்னையில் மூன்று சீசன் இருந்தவர் என்பதால் சொல்லவில்லை, அங்கே இருந்ததைவிட மோகன் பகானுக்குப் போன பிறகுதான் அவர் முழுக் கோல்கீப்பராக ஆனார்.

கோல்கீப்பர்களைப் பற்றிப் பேசும்போது லக்ஷ்மிகாந்த் கட்டிமணியைச் சொல்லாமல் விட முடியவில்லை, அணிக்குள் அவருக்கு இடம் இல்லாவிட்டாலும். 2015 இறுதிப்போட்டியில் நாம் சமன் செய்தது அவர் கணக்கில் விழுந்த சுய கோலால். அதே ஃபடோர்டா மைதானத்தில், 2022 இறுதிப்போட்டியில், ஹைதராபாத்துக்காக கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஷூட்அவுட்டில் மூன்று பேருடைய பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஐஎஸ்எல்லில் கதையே இல்லை என்பவர்கள் இந்த ஒருவருடைய ஏழு வருடத்தைப் பார்த்தால் போதும்.

ஃபாலுக்குப் பக்கத்தில் சந்தேஷ் ஜிங்கன். 2014-ல் முதல் சீசனிலேயே வளரும் வீரர் விருது வாங்கி, அன்றிலிருந்து இன்றுவரை உடம்பைப் பந்துக்குக் குறுக்கே போடத் தயங்காதவர். 2014-லும் 2016-லும் கேரளாவோடு இறுதிப்போட்டியில் தோற்றார், 2023-ல் பெங்களூரோடு தோற்றார். அவ்வளவு தூரம் போய் அத்தனை முறை வெறுங்கையோடு திரும்பிய ஒருவரை நான் என் கனவு அணியில் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்த விரும்புகிறேன், இதில் பாசமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காரணமும் உண்டு. ஃபால் கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் மேலே போகும்போது பின்னால் தனியாக நின்று சமாளிக்கக்கூடிய ஆள் வேண்டும். இடது பேக்காகவும் ஆடிப் பழகியவர் என்பதால் ஜிங்கனுக்கு ஓரத்துக்கு ஓடிப்போய் அடைப்பது புதிதல்ல.

வலது பேக் ராகுல் பேகே. ஆமாம், 2019-ல் கோவாவை வீழ்த்திய அதே பேகே. பிறகு 2023-24-ல் மும்பையின் கேப்டனாகவும் கோப்பையைத் தூக்கினார். ஸ்டாப்பராகவும் வலது பேக்காகவும் ஆடக்கூடியவர், முன்னால் ஓடிக்கொண்டே இருக்க மாட்டார், எனக்கு அதுதான் வேண்டும். ஏனென்றால் இடது பக்கம் மந்தர் ஏறிப் போகப்போகிறார், அப்போது பேகே, ஃபால், ஜிங்கன் மூவரும் பின்னால் ஒரு வரிசையாக நின்றுகொள்ளலாம்.

மந்தரைப் பற்றி: முதல் சீசனிலிருந்து கோவாவில் இடது விங்கராக ஆடிக்கொண்டிருந்தவரை லொபேராதான் இடது பேக்காக மாற்றினார். ஐஎஸ்எல்லில் நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரர். இந்த இடத்துக்கு சுபாசிஷ் போஸ் கடுமையான போட்டி, அதுவும் 2024-25-ல் மோகன் பகானின் கேப்டனாக ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்ற பிறகு அவரை வெளியே வைப்பது கஷ்டம்தான். ஆனால் இடது விங்கில் நான் போடப்போகிறவர் ஓரத்திலேயே நிற்க மாட்டார், உள்ளே வந்துவிடுவார், அந்த ஓரத்தை ஓடி நிரப்ப விங்கராகப் பிறந்த ஒரு பேக் வேண்டும்.

இடது விங்கில் யார் என்று சொல்லவே தேவையில்லை, சுனில் சேத்ரி. சேத்ரியை ஸ்ட்ரைக்கராகப் போடாமல் விங்கில் போடுவதா என்று கேட்பவர்களுக்கு 2017-18 பெங்களூர் அணியை நினைவூட்டுகிறேன். நடுவில் மிக்கு, இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் சேத்ரி. மிக்கு 15 கோல், சேத்ரி 14. அந்த சீசனின் சிறந்த வீரர் விருதும் சேத்ரிக்கே. கோரோவுக்கும் மிக்குவைப் போல பக்கத்தில் ஒருவர் ஓடி வருவது பிடிக்கும், தடுப்பாட்டக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று குழம்புவார்கள். ஓக்பெச்சேவின் 63 கோல் சாதனையையும் பின்னால் முந்திப் போனவர் சேத்ரிதான், அதுவும் நாற்பது வயதில். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களுக்காகவே கட்டப்பட்ட ஒரு லீக்கில் ஓர் இந்தியர் கோல் பட்டியலின் உச்சியில் நிற்கிறார் என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்று எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. கேப்டன் பட்டையும் அவருக்கே. 2023 நாக் அவுட் ஆட்டத்தில் கேரளா தயாராகும் முன்னரே ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்கினார், கேரளா அணி களத்தை விட்டே வெளியேறியது. கேரள நண்பர்கள் இன்றும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கு அது விழித்திருந்த ஒருவரின் கோல்.

வலது விங்கில் லாலியான்சுவாலா சாங்தே. 2020 அரையிறுதியில் சென்னைக்காக கோவா வலையில் கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அப்போதெல்லாம் வேகம் இருந்தது, முடிவில்தான் பதற்றம். மும்பைக்குப் போன பிறகு அந்தப் பதற்றம் போய் 2022-23-ன் சிறந்த வீரரானார். 2024 அரையிறுதியை மட்டும் பாருங்கள்: கோவாவில் 90-வது நிமிடம் வரை 0-2 என்று பின்தங்கியிருந்த மும்பை கடைசி நிமிடங்களில் மூன்று கோல் அடித்து 3-2 என்று வென்றது, அதில் இரண்டு சாங்தேயுடையவை. ஜஹூவின் நீண்ட பாஸுக்கு ஓட இவரைவிடப் பொருத்தமான கால்கள் இந்த லீக்கில் இல்லை, இருவரும் மும்பையில் சேர்ந்து ஆடியும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஜஹூவுக்குப் பக்கத்தில் அபுயா. பெயர்தான் கடைசியில் வருகிறது, ஆனால் என் அணியில் முதலில் எழுதியது இவர் பெயரைத்தான். மிசோரம் பையன், இருபது வயதில் நார்த் ஈஸ்ட்டின் கேப்டன் பட்டையோடு நடுகளத்தில் ஓடியவர், 2020-21-ன் வளரும் வீரர். பிறகு மும்பையில் ஷீல்டும் கோப்பையும், மோகன் பகானில் மறுபடியும் இரண்டும். 2025 அரையிறுதியில் ஜாம்ஷெட்பூருக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் தூரத்திலிருந்து அடித்து ஆட்டத்தை முடித்தார். ஆனால் கோலுக்காக அவரை எடுக்கவில்லை. பந்து பறிபோன அந்தப் பத்து நொடியைச் சொன்னேனே, அந்தப் பத்து நொடிக்கு ஓடக்கூடியவர் அபுயா. ஜஹூவுக்கு வயதாகி, கால் தாமதமாகி, மஞ்சள் அட்டை வாங்கும் அதே இடத்தில் இவர் முதலில் போய் நின்றிருப்பார். 2019-ல் கோவாவுக்கு இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் அந்த இறுதிப்போட்டி வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆக கைத், பேகே, ஃபால், ஜிங்கன், மந்தர், ஜஹூ, அபுயா, சாங்தே, பூமோ, சேத்ரி, கோரோ. பயிற்சியாளர் லொபேரா. இன்னொரு பயிற்சியாளர் ஹபாஸ் 2014-லும் 2019-20-லும் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், இறுக்கமான ஆட்டத்துக்கு அவரைவிட ஆள் இல்லை, ஆனால் இந்த நால்வரை அவர் கையில் கொடுத்தால் இரண்டாவது ஆட்டத்திலேயே பூமோவை இறங்கி அடைக்கச் சொல்லிவிடுவார்.

பெஞ்சில் ஸ்டீவர்ட், ஓக்பெச்சே தவிர குர்பிரீத், சுபாசிஷ் போஸ், பிரீதம் கோட்டல், அனிருத் தாப்பா. ஏழாவது இடத்துக்கு மைக்கேல் சூசைராஜ். தமிழ்நாட்டு வீரர் ஒருவர் வேண்டும் என்பதற்காகப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த இவர் 2018-19-ல் ஜாம்ஷெட்பூருக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடது பக்கம் பந்து கிடைத்தால் எதிரே நிற்பவருக்கு நிம்மதி இருக்காது. அடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏடிகேவோடு கோப்பையும் வென்றார். அதற்கடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, அந்த சீசன் முழுவதும் போனது. அந்தக் காயம் மட்டும் இல்லாதிருந்தால் இன்றைக்கு நாம் பெஞ்சைப் பற்றியா பேசிக்கொண்டிருப்போம்? நந்தகுமார், சிவசக்தி, ரொமாரியோ என்று இன்னும் நம் பையன்கள் வரிசையில் இருக்கிறார்கள். சிவசக்தி 2022-23-ல் வளரும் வீரர் விருது வாங்கியதை உங்கள் பக்கத்தில் இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம், இதையும் ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள். வாசகர்களிடமும் கனவு அணியைக் கேட்டு வாங்கிப் போடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள், நல்ல முயற்சி, அதில் 'களத்தில் நான்கு வெளிநாட்டவர், பெஞ்சையும் சேர்த்து ஆறு' என்ற நிபந்தனையைக் கட்டாயமாகப் போடுங்கள். அடுத்தது, பெயர்களை மட்டும் வாங்காமல், அந்த நால்வரை ஏன் அந்த நான்கு இடத்தில் போட்டார்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மெண்டோசாவை முன்னால் நிறுத்தி, அதற்காக நடுகளத்தை முழுக்க இந்தியர்களிடம் ஒப்படைக்கும் ஓர் அணியை யாராவது அனுப்பினால், அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்